உருமாறும் கிருமி: மருந்தை விட்டுவிடாதீர்கள்!

மலேசியாவில் எச்ஐவி முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986இல். 2006இல் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இங்கே ஒரு புதிய கலப்பு வகையை அடையாளம் கண்டனர். தாய்லாந்தில் பரவலாக உள்ள ஏஇ வகையும் பி வகையும் கலந்து உருவான அதன் பெயர் சிஆர்எஃப் 33.

கிருமியின் மரபணுவை ஆராய்ந்தால், அது எப்படிப் பரவுகிறது, எந்த மருந்துக்கு அடங்காது என்பது தெரியும். மருந்தை அடிக்கடி தவறவிட்டால், அதை எதிர்க்கும் கிருமிகள் பெருகிவிடும். பிறகு மருந்தையே மாற்ற வேண்டிவரும்.

ஜாசினோ அலோர் காஜாவோ, தோட்டத்தில் ஒரு செய்தி பரவ நேரமாகாது. அந்தப் பயத்தால் சிகிச்சையை நிறுத்தாதீர்கள். தெரிந்தவர் பார்ப்பார் என்று தயங்கினால், வேறு ஊர் அரசாங்க மருத்துவமனையில் தொடர முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். தினமும் மருந்து எடுத்து, ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவிலேயே இருந்தால், உடலுறவின் வழி துணைக்குத் தொற்றாது.