ஆறிய நுரையீரலில் பூஞ்சைப் பந்து



காசநோய் மருந்துகளை முழுமையாக உட்கொண்டு சுகமடைந்த ஒருவர், சில ஆண்டுகளுக்குப் பின் இருமும்போது இரத்தம் துப்புகிறார். "பழைய நோய் திரும்பிவிட்டதே" என்று வீட்டார் கலங்குகிறார்கள். சில வேளைகளில் அது உண்மைதான்; ஆனால் எப்போதும் அல்ல. அதற்கான மற்றொரு காரணத்தை இங்கே விளக்க விரும்புகிறோம்.

அஸ்பர்ஜில்லஸ் என்னும் பூஞ்சை மண்ணிலும் மட்கும் இலைதழைகளிலும் வளர்கிறது. ஆலயத்தில் புனித நீர் தெளிக்கும் கருவியை அதன் வடிவம் ஒத்திருந்ததால், இத்தாலியத் தாவர அறிஞரான மிக்கேலி 1729-ல் இப்பெயரைச் சூட்டினார். அதன் வித்துகள் 2 முதல் 3 மைக்ரான் அளவே உள்ளவை. நாம் அனைவரும் அவற்றை நாள்தோறும் சுவாசிக்கிறோம்.

நலமான நுரையீரல் அவற்றை எளிதில் சமாளித்துவிடும். மூச்சுக்குழாயின் நுண்மயிர்கள் சளியோடு பல வித்துகளை வெளியே தள்ளுகின்றன. காற்றறைகளை எட்டுபவற்றை அங்குள்ள காவல் அணுக்கள் விழுங்கி அழிக்கின்றன. தப்பி இழையாக முளைப்பவற்றை இரத்தத்தின் வெள்ளையணுக்கள் தாக்குகின்றன.

காசநோய் விட்டுச்சென்ற குழியிலோ நிலைமை வேறு. அதன் சுவர் தழும்பாகிவிட்டது. துடைத்துத் தள்ள நுண்மயிர்கள் இல்லை. குழியின் உட்புறத்தைக் காவல் அணுக்கள் எளிதில் எட்டுவதில்லை. அங்கே பூஞ்சை இழைகள் சளியோடும் இறந்த அணுக்களோடும் பின்னிப் பந்தாகத் திரளுகின்றன. எக்ஸ்ரே படத்தில் அப்பந்தும், அதன்மேல் பிறை போன்ற காற்றிடைவெளியும் தெரியும். நுரையீரல் திசு சும்மா இருப்பதில்லை: குழியின் சுவர் அழற்சியடைந்து, மெல்லிய புதிய இரத்தக் குழாய்கள் அங்கே பெருகுகின்றன. அவை சிதையும்போது இரத்தம் கசிகிறது. சிலருக்கு உயிருக்கே ஆபத்தாகுமளவு பெருகுகிறது.

இது அரிதான நிலை என்று எண்ணவேண்டாம். பிரிட்டனில் 1968-ல் வெளியான ஆய்வில், 2.5 செ.மீ.க்குக் குறையாத குழி எஞ்சியிருந்த 544 பேரில் நான்கில் ஒரு பங்கினரின் இரத்தத்தில் இப்பூஞ்சைக்கு எதிரான பொருட்கள் காணப்பட்டன.

காசநோய் மாத்திரைகள் பூஞ்சையை அழிப்பதில்லை. அவற்றில் ஒன்றான ரிஃபாம்பிசின், பூஞ்சைக்குத் தரும் இட்ராகோனசோலின் வலிமையையும் குறைத்துவிடும். ஆகவே சளிப் பரிசோதனை, எக்ஸ்ரே, இரத்தப் பரிசோதனை ஆகியவற்றால் நோயை முதலில் பிரித்தறிய வேண்டும். பிறகு சிலருக்குப் பல மாத மருந்தும், உடல் தாங்குமானால் சிலருக்கு அறுவைச் சிகிச்சையும் தேவைப்படும்.

இப்பூஞ்சைப் பந்து ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதில்லை. உங்கள் சபையில் காசநோயிலிருந்து மீண்ட ஒருவர் இரத்தம் துப்பினால், தாமதமின்றி அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். பழைய எக்ஸ்ரே படங்களையும் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது சரியான சிகிச்சைக்குப் பேருதவியாகும்.