வெல்னஸ் கோச்சிடம் சேரப் போறீங்களா? பணம் கட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க!

‘30 நாளில் தொப்பை காலி... உங்கள் பெர்சனல் வெல்னஸ் கோச்... இன்பாக்ஸ் பண்ணுங்க!’ ரீல்ஸ்லயோ, தெரிஞ்சவங்க வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்லயோ இப்படி ஒரு வரியைப் பார்க்காம ஒரு வாரத்தைக் கடத்த முடியுதா? சென்னை, கோயம்புத்தூர் சமாசாரம்னு நினைச்சது போய், அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடினு கரிசல் காட்டுப் பக்கமும் இந்த வார்த்தை சகஜமாகிடுச்சு. சேர்றவங்கள்ல நிறைய பேருக்கு, அங்கே என்ன நடக்கும், எது நடக்கக் கூடாதுனு தெரியறதில்லை. பணம் போறது ஒரு பக்கம். சுகர் மாத்திரையை நிறுத்திட்டு பவுடரைக் குடிச்சா போறது வேற.

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடுவோம். வெல்னஸ் கோச் டாக்டர் இல்லை. நோயைக் கண்டுபிடிக்கவோ, மாத்திரையைக் கூட்டிக் குறைக்கவோ அவருக்கு அதிகாரம் கிடையாது. நோய்க்கேற்ற உணவுத் திட்டம் போட்டுத் தர்றது டயட்டீஷியன் வேலை. ஜிம் டிரெய்னர் வேற ரகம். ‘நடக்கணும்னு எனக்கும் தெரியும், ஆனா நடக்க முடியலையே’னு ஒருத்தர் சொல்றார் இல்லையா? அந்த ‘தெரியும்’ என்பதற்கும் ‘முடியலை’ என்பதற்கும் நடுவுல நின்னு கைகொடுக்கிறவர்தான் கோச். டாக்டர், நர்ஸுக்கு இருக்கிற மாதிரி கவுன்சில் பதிவு இந்தப் பேருக்கு நம்ம நாட்டுல கிடையாது. அதனால யார் வேணாலும் போர்டு மாட்டலாம். சிக்கலே இங்கேதான் ஆரம்பிக்குது.

சரி, இது வேலை செய்யுமா?

செய்யும். அதுக்கு நம்ம மாநிலத்துலயே ஆதாரம் இருக்கு. அமெரிக்காவுல 27 மையங்கள்ல 3,234 பேரை வெச்சு நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2002-ல் வந்தது. எல்லோரும் சுகர் வர்ற விளிம்புல இருந்தவங்க. அதுல ஒரு குழுவுக்கு ஆளாளுக்கு ஒரு ‘லைஃப்ஸ்டைல் கோச்’சைக் கொடுத்தாங்க. முதல் ஆறு மாசத்துல 16 பாடம், வாரத்துக்கு 150 நிமிஷம் நடை, எடையில 7 சதவிகிதம் குறைக்கணும்ங்கிற இலக்கு. போலி மாத்திரை கொடுக்கப்பட்ட குழுவோட ஒப்பிட்டா, கோச் இருந்தவங்களுக்கு சுகர் வர்ற வாய்ப்பு 58 சதவிகிதம் குறைஞ்சது. மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிட்டவங்களுக்குக் குறைஞ்சது 31 சதவிகிதம்தான்.

‘அமெரிக்காக்காரன் சாப்பாடு வேற, நம்ம சாப்பாடு வேற’னு சொல்வீங்க. நியாயம்தான். சென்னையில டாக்டர் ஏ.ராமச்சந்திரன் குழுவினர், இதே மாதிரி விளிம்புல இருந்த 531 பேரை வெச்சு நடத்தின ஆய்வு 2006-ல் வெளியானது. மூணு வருஷத்துல, வழக்கமான அறிவுரை மட்டும் கிடைச்சவங்கள்ல 55 சதவிகிதம் பேருக்கு சுகர் வந்துடுச்சு. உணவையும் நடையையும் மாத்த உதவி கிடைச்ச குழுவுல அது 39 சதவிகிதம். இங்கே கோச் வாராவாரம் வீடு தேடி வரலை. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை நேர்ல, நடுவுல மாசத்துக்கு ஒரு போன். அவ்வளவுதான். இதுல எனக்குப் பிடிச்ச விஷயம் ரெண்டு. பலன் கிடைச்சவங்களுக்குப் பெருசா எடை குறையலை, ஆனாலும் சுகர் தள்ளிப்போச்சு. அதோட, ஏற்கெனவே கடுமையா உடலுழைப்பு செய்றவங்களைப் புதுசா எதுவும் செய்யச் சொல்லலை. இருக்கிறதையே தொடரச் சொன்னாங்க.

அதே குழு 2013-ல் இன்னொரு முடிவை வெளியிட்டது. 537 ஆண்கள், பாதிப் பேருக்கு மொபைல்ல உணவு, நடை பற்றிச் சின்னச் சின்னக் குறுஞ்செய்திகள். ரெண்டு வருஷத்துல மெசேஜ் வராத குழுவுல 27 சதவிகிதம் பேருக்கு சுகர். மெசேஜ் வந்த குழுவுல 18 சதவிகிதம். வெறும் எஸ்.எம்.எஸ்! ஆயிரக்கணக்குல பேக்கேஜ் கட்டுறதுக்கு முன்னாடி இதை ஒருமுறை நினைச்சுக்கோங்க.

முதல் நாள் என்ன நடக்கும்?

நல்ல கோச்சா இருந்தா, முதல் சந்திப்புல அவர் பேசுறதைவிட நீங்க பேசுறதுதான் அதிகமா இருக்கும். எப்போ எழுந்திருக்கிறீங்க, எத்தனை டீ, எவ்வளவு சீனி, வேலை என்ன, வீட்டுல சமைக்கிறது யாரு, தூக்கம் எப்படி, என்ன மாத்திரை சாப்பிடறீங்க... கேள்வி மேல கேள்வி. ‘காசு கொடுத்தது பதில் வாங்க, இவர் நம்மளையே கேட்கிறாரே’னு கடுப்பாகும். ஆனா முறையே அதுதான். குடிப்பழக்கத்துல இருந்து மீள வந்தவங்களுக்காக வில்லியம் மில்லர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1983-ல் எழுதின முறையில இருந்துதான் இந்தப் பாணி கிளம்புச்சு. அறிவுரை சொன்னா மனுஷன் முறுக்கிக்கிறான், கேள்வி கேட்டா அவனே காரணம் தேடுறான்ங்கிறதுதான் சூட்சுமம். ‘நான் யார்?’னு தன்னையே கேட்டுக்கச் சொன்ன ரமணர் 1879-ல் பிறந்த ஊர் திருச்சுழி. அந்த ஊர்க்காரங்களுக்குக் கேள்வியோட பவரை நாம சொல்லித்தரணுமா என்ன!

கேள்விகள் முடிஞ்சதும் இலக்கு. ‘மூணு மாசத்துல 15 கிலோ’ங்கிறது இலக்கு இல்லை, ஆசை. ‘இந்த வாரம் நாலு நாள், ராத்திரி சாப்பிட்டதும் கால் மணி நேரம் நடப்பேன்’ங்கிறது இலக்கு. அடுத்த வாரம் போன்ல அதைத்தான் கேட்பார். நாலு நாள்ல ரெண்டு நாள்தான் நடந்தீங்கன்னா திட்டக் கூடாது. எந்த ரெண்டு நாள் முடியலை, ஏன் முடியலைனு பார்த்து, இலக்கைத் திருத்தணும். முதல் மாசம் உற்சாகமா போகும். ரெண்டாவது மாசம் ஒரு கல்யாணம், ஒரு கோயில் கொடை, எல்லாம் கலைஞ்சுடும். பலரும் கோச்சோட போனை எடுக்காம ஒளியறது அப்போதான். உண்மையில கோச் தேவைப்படறதே அந்த வாரத்துலதான்.

நம்ம ஊர் வாழ்க்கைக்குப் பொருந்துதா?

அருப்புக்கோட்டையில ஸ்பின்னிங் மில்லுல நைட் ஷிஃப்ட் பார்க்கிறவரை எடுத்துக்கோங்க. ‘காலையில 5 மணிக்கு எழுந்து வாக்கிங் போங்க’னு அவர்கிட்ட சொன்னா சிரிப்பார். அவர் வீடு திரும்புறதே அதுக்கப்புறம்தான். அவருக்கு முதல் பிரச்னை தூக்கம். பகல்ல இருட்டான இடம், ஷிஃப்ட் முடியறப்போ குடிக்கிற கடைசி டீயைத் தவிர்க்கிறது, நடுராத்திரி எண்ணெய் பரோட்டாவுக்குப் பதிலா வீட்டுல இருந்து டப்பா. ஆரம்பம் இப்படித்தான் இருக்க முடியும். விசைத்தறியில நாள் முழுக்க நின்னுக்கிட்டே இருக்கிறவருக்கு முட்டியும் இடுப்பும்தான் முதல் கவலை. விடியறதுக்கு முன்னாடி மல்லிப்பூ எடுக்கப் போற அக்காவுக்கு நடை புதுசா தேவையே இல்லை. காலைச் சாப்பாடு பத்து மணிக்கு மேல தள்ளிப்போறதுதான் அங்கே கவனிக்க வேண்டியது. இந்தப் பக்கத்து வெயில்ல பகல் 11 மணிக்கு மேல 10,000 ஸ்டெப்ஸ் முடிக்கச் சொல்ற கோச்சை, நேர்ல வந்து கூடவே நடக்கச் சொல்லுங்க.

சாப்பாட்டுலயும் அப்படித்தான். ஓட்ஸ், அவகாடோ, கினோவானு லிஸ்ட் வந்தா, அது வேற யாருக்கோ எழுதின லிஸ்ட்டை உங்களுக்கு ஃபார்வேர்டு பண்ணினது. கம்பு, சோளம், குதிரைவாலி விளையற மண்ணு இது. தட்டைப்பயறு, பாசிப்பயறு, நிலக்கடலை, முட்டை, கருவாடு, முருங்கைக்கீரை... புரதத்துக்கும் இரும்புச்சத்துக்கும் கடையில டப்பா தேட வேண்டியதில்லை. ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். சிறுதானியம்னு பேர் வந்தாலே சுகருக்கு நல்லதுனு குதிரைவாலிச் சோறைத் தட்டு நிறைய போட்டுச் சாப்பிடறவங்க இருக்காங்க. அதுவும் மாவுச்சத்துதான். சோறைக் குறைச்சு, பயறையும் காயையும் கூட்டுற கணக்குதான் முக்கியம்.

காசில்லாத கோச்!

இந்த இடத்துல நிறைய பேர் மறந்துடற ஒருத்தர் இருக்காங்க. 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில தொடங்கின ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்துல, வீட்டுக்கு வந்து பி.பி., சுகர் பார்த்து, மாத்திரை கொடுத்துட்டுப் போற பெண் தன்னார்வலர். 2024-ல் ஐ.நா. விருது வாங்கின திட்டம் அது. வர்றவங்க பெரும்பாலும் அதே ஊர்ப் பொண்ணுதான். உங்க வீட்டு அடுப்படி அவங்களுக்குத் தெரியும். உங்க அம்மா மாத்திரையை ஒழுங்கா போடறாங்களா, மறைச்சு வெச்சு லட்டு சாப்பிடறாங்களானும் தெரியும். ‘கோச்’னு அவங்களுக்குப் பேர் இல்லை, லோகோ போட்ட டி-ஷர்ட் இல்லை. அதனாலேயே வீட்டுல இருக்கிற இளசுகள் அவங்களைக் கண்டுக்கிறதில்லை. அவங்களுக்கும் நிறைய வீடு, கொஞ்ச நேரம்தான். ஆனா அடுத்த முறை வரும்போது அம்மாவோட சேர்ந்து நீங்களும் அஞ்சு நிமிஷம் உட்கார்ந்து கேளுங்க. ஆரம்ப சுகாதார நிலையத்துல தொற்றா நோய்களுக்குனே இருக்கிற நர்ஸும் இதே ஆலோசனையைச் சொல்வாங்க. மாநில அரசோட 104 ஹெல்ப்லைனும் இருக்கு.

எப்போ எழுந்து வரணும்?

‘மாத்திரையை நிறுத்திடுங்க, எங்க பவுடர் பார்த்துக்கும்’னு சொன்ன அந்த நொடியில. யோசிக்கவே வேண்டாம். சில சுகர் மாத்திரைகளும் இன்சுலினும் எடுக்கிறவங்க டாக்டர்கிட்ட கேட்காம சாப்பாட்டைத் திடீர்னு குறைச்சா, சுகர் மளமளனு இறங்கி மயக்கம் வரைக்கும் போகலாம். கிட்னி பாதிப்பு இருக்கிறவங்களுக்கு அளவுக்கு மீறின புரதப் பவுடர் பாரம். மருந்தால சுகரைக் குணப்படுத்துறோம்னு விளம்பரம் பண்றதையே 1954-ம் வருஷச் சட்டம் தடை செய்யுது. உணவுப் பொருளுக்குப் பொய்யா விளம்பரம் பண்ணினா, உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. ஐ.சி.எம்.ஆரின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியும், உடம்பை ஏத்த புரத சப்ளிமென்ட் வேண்டாம்னுதான் சொல்லுது.

அடுத்தது, ‘நீங்களும் கோச் ஆகலாம், நாலு பேரைச் சேர்த்துவிடுங்க’. உடம்பு இன்னும் ஒரு கிலோகூட குறைஞ்சிருக்காது, அதுக்குள்ள நீங்க சொந்தக்காரங்ககிட்ட டப்பா வித்துக்கிட்டு இருப்பீங்க. ஆள் சேர்த்தா காசுங்கிற பிரமிட் திட்டங்களை 2021 நேரடி விற்பனை விதிகள் தடை பண்ணியிருக்கு. சட்டம் இருக்கட்டும், வேலை தேடிக்கிட்டு இருக்கிற பொண்ணுங்களைக் குறிவெச்சு இது நடக்கிறதுதான் கோபம் வரவைக்குது. கடன் வாங்கி ஸ்டாக் எடுத்துட்டு, அதை விக்கவும் முடியாம, வீட்டுல சொல்லவும் முடியாம மாட்டிக்கிறது அவங்கதான்.

இதெல்லாம் தாண்டி ஒரு கோச்சிடம் சேர்றதுனு முடிவு பண்ணிட்டீங்களா? படிப்பு என்ன, எங்கே படிச்சார்னு கூச்சப்படாம கேளுங்க. ஒரு மாசக் கட்டணத்துல பார்த்துட்டு அப்புறம் நீட்டிக்கலாமானு கேளுங்க. ஒரு வருஷப் பணத்தை இன்னைக்கே கட்டச் சொன்னா அவசரம் அவருக்குத்தான். உங்க போட்டோவை ‘பிஃபோர் - ஆஃப்டர்’னு போட அனுமதி கேட்பார், பிடிக்கலைன்னா முடியாதுனு சொல்லிடலாம். முதல் நாள் போகும்போது கடைசியா எடுத்த ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டையும், தினமும் சாப்பிடற மாத்திரை அட்டைகளையும் பையில போட்டுட்டுப் போங்க. அவர் அதை வாங்கிப் பார்க்கிறாரா, இல்லை நேரா எடை மெஷின் பக்கம் கையைக் காட்டுறாரானு கவனிங்க.