எதுகை, மோனை, யோகி பி

யோகி பி என்றதும் என் நண்பர்கள் ‘விவேகம்’, ‘காலா’ என்று படப் பெயர்களைத்தான் அடுக்குகிறார்கள். அவர் கோலாலம்பூர்க்காரர் என்பது பலருக்குத் தெரியும். நட்சத்ரா என்ற குழுவில் அவரோடு எம்சி ஜெஸ், டாக்டர் பர்ன் என்ற இருவர் பாடினார்கள் என்றால் மட்டும் கொஞ்சம் யோசிக்கிறார்கள். அந்த மூவரின் ‘வல்லவன்’ ஆல்பம் 2006-இல் வெளிவந்தது. (அதே ஆண்டில் வந்த சிம்பு படத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை.) அதற்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது.

கதை அதற்கும் முன்பே தொடங்குகிறது. 1990களில் யோகி பி, பாயிண்ட் பிளாங்க், லேண்ட்ஸ்லைட், சி. லோகோ நால்வரும் ‘பொயட்டிக் அம்மோ’ என்ற பெயரில் ராப் பாடினார்கள். 1998-இல் வந்த அவர்களின் முதல் ஆல்பத்தில் ஆங்கிலம், மலாய், தமிழ், காண்டனீஸ் என நான்கு மொழிகள் இருந்தன. வெளிநாட்டினருக்கு இது வியப்பாக இருக்கலாம். பெட்டாலிங் ஜெயாவில் வளர்ந்தவர்களுக்கு அப்படியில்லை. மாமாக் கடையில் மலாய், விரிவுரையில் ஆங்கிலம், வீட்டில் தமிழ் என்றுதான் நம் ஒரு நாளே கழிகிறது.

முழுக்கத் தமிழிலேயே ஓர் ஆல்பம் என்பது வேறு கணக்கு. இந்நாட்டு மக்கள்தொகையில் இந்தியர்கள் ஏழு விழுக்காட்டை ஒட்டித்தான் இருக்கிறோம். சென்னையிலும் ராப் இருந்தது. ‘காதலன்’ படத்தின் ‘பேட்டை ராப்’ 1994-இலேயே வந்துவிட்டது. ஆனால் அது ஒரு படத்துக்குள் வந்த ஒரு கலகலப்பான பாட்டு. ‘வல்லவ’னுக்குப் பின்னால் படமும் இல்லை, கதாநாயகன் முகமும் இல்லை. சொல்லை மட்டும் நம்பி இறங்கினார்கள்.

அந்த ஆல்பத்தை ஊர் ஊராகக் கொண்டுபோன பாட்டு ‘மடை திறந்து’. பாரதிராஜாவின் ‘நிழல்கள்’ (1980) படத்துக்காக வாலி எழுதி, இளையராஜா இசையில் எஸ்.பி. பாலசுப்ரமணியம் பாடிய பாட்டின் மறுவடிவம் அது. படத்தில் அதைப் பாடுபவன் வாய்ப்புக் கிடைக்காத ஓர் இளம் இசைக் கலைஞன். தன் காலம் வந்துவிட்டதாகக் கனவு காண்கிறான். அந்தக் காட்சியில் இளையராஜாவே தோன்றுவார். திரையுலகுக்கு வெளியே நின்ற மூன்று மலேசிய இளைஞர்கள் எத்தனையோ பாடல்கள் இருக்க இதைக் கையில் எடுத்தது வெறும் மெட்டுக்காக என்று எனக்குத் தோன்றவில்லை.

ராப் தமிழுக்கு ஒட்டாது என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எஸ்.பி.எம். தேர்வுக்காக நாம் படித்த யாப்பையே எடுத்துக்கொள்வோம். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. ராப் பாடுபவர் தாளத்துக்குள் சொல்லை அடைக்கும்போது செய்வதும் இதே கணக்குதான். ஆங்கில ராப் பெரும்பாலும் அடியின் கடைசியில் ஒலி ஒன்றுவதை நம்பியிருக்கிறது. நாம் அதை இயைபு என்போம். தமிழில் அதோடு சீரின் முதல் எழுத்தில் மோனையும் இரண்டாம் எழுத்தில் எதுகையும் கிடைக்கின்றன. ஒரே அடியில் மூன்று இடங்களில் அடிக்கலாம். க, ச, ட, த, ப, ற என்ற வல்லினம் இருக்கும்போது தனியாக டிரம்ஸ் கூட வேண்டாம் போலிருக்கிறது! நம் சொல்லிசைக் கலைஞர்களின் பலம் இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

இதற்கு நேர் எதிரான ஒன்று கரீபியனில் நடந்தது. டிரினிடாட்டின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன இந்தியர்களோடு டோலக்கும் போனது. 1970களில் லார்ட் ஷார்ட்டி என்ற பாடகர் அந்தத் தாளத்தைத் தம் கலிப்சோ இசையில் கலந்தார். சோக்கா என்ற புது இசை பிறந்தது. அங்கே நம்மவர் தாளத்தை அடுத்தவர் எடுத்துக்கொண்டார். இங்கே அடுத்தவர் தாளத்தில் நம் சொல்லை ஏற்றினார்கள்.

பிறகு சென்னை அழைத்தது. 2007-இல் ‘பொல்லாதவன்’ படத்தின் ‘எங்கேயும் எப்போதும்’, 2011-இல் ‘ஆடுகளம்’, 2017-இல் ‘விவேகம்’, அடுத்த ஆண்டே ‘காலா’. எல்லாம் பெருமைதான். ஆனால் திரைப்பாடல் பல நேரங்களில் ராப் கலைஞரிடம் கேட்பது அரை நிமிட ஆவேசத்தை. ஓர் ஆல்பம் அளவுக்குப் பேசவேண்டியதை அந்த அரை நிமிடத்தில் எப்படிச் சொல்வது? யோகி பி பெயர் வளர வளர, நட்சத்ரா என்ற பெயர் பின்னுக்குப் போனது.

இதில் சென்னையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அங்கிருந்து பாடகர்கள் வந்தால் சில நூறு ரிங்கிட் கொடுத்து டிக்கெட் வாங்குகிறோம், உள்ளூர்க் கலைஞரின் நிகழ்ச்சி என்றால் “ஃப்ரீ பாஸ் இருக்கா?” என்கிறோம். அங்கே ஒரு படத்தில் பாடிவிட்டால் அதே கலைஞருக்கு இங்கே மாலை மரியாதை. அந்தப் படத்துக்கு முன்னால் அவர் என்ன பாடினார் என்று யாரும் தேடுவதில்லை.

என் தங்கை படிவம் நான்கில் தமிழ் இலக்கியம் எடுத்திருக்கிறாள். முதலில் 1980-இன் ‘மடை திறந்து’, பிறகு 2006-இன் ‘மடை திறந்து’ இரண்டையும் கேட்டு எதுகை, மோனை, இயைபு மூன்றையும் தனித்தனி நிறத்தில் கோடிட்டுக் காட்டச் சொன்னேன். பழைய பாட்டை முடித்துவிட்டாள். புதியதற்கு இன்னும் இரண்டு நாள் அவகாசம் கேட்டிருக்கிறாள், வேகம் அதிகமாம்.