அம்மப்பாவின் முகமும் ரெம்பிராண்டின் நிழலும்

ஆடி அமாவாசையன்று கீரிமலைக் கேணியில் நீராடி, மறைந்த தந்தையரை நினைந்து பிதிர்க்கடன் செய்வோர் பலர். அவர்களுள் எத்தனை பேரின் இல்லங்களில் அத் தந்தையரின் படம் உண்டு? 1990ஆம் ஆண்டு இடம்பெயர்ந்தபோது வீட்டோடு படங்களையும் இழந்த குடும்பங்கள் இங்கு அநேகம். அத்தகைய குடும்பத்து மாணவன் ஒருவன், எஞ்சியிருந்த அடையாள அட்டைப் படத்தை வைத்து, தன் அம்மப்பாவின் உருவத்தை டாப்லெட்டில் வரைந்து வந்தான்.

அளவிற் பிழையில்லை, உயிரும் இல்லை. படத்தின் மேலேயே கோடிழுத்து, வேறொருவரின் வண்ணப் படத்திலிருந்து நிறங்களைத் தொட்டெடுத்து நிரப்பியிருந்தான்.

"ஆறு மாதம் ரெம்பிராண்டைப் பார்த்து வரை" என்றேன்.

"பிறர் படத்தைப் பார்த்து வரைவது களவு அல்லவா, சேர்?"

நல்ல கேள்விதான். ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய 1658ஆம் ஆண்டிலே ரெம்பிராண்ட் தம் உருவத்தைத் தாமே தீட்டிய படமொன்று இன்று நியூயோர்க்கில் இருக்கிறது. ஏறக்குறைய அதே காலத்தில் அவர் மொகலாயச் சிற்றோவியங்களைப் பார்த்து, ஜஹாங்கீர், ஷாஜகான் முதலியோரை ஆசியத் தாளிலே மையினால் வரைந்தார். அவற்றுள் இருபதுக்கு மேற்பட்டவை எஞ்சியுள்ளன. ஐம்பது வயதைத் தாண்டியும், இந்தியாவைக் கண்ணாலும் காணாத அப் பேரோவியர், நம் பக்கத்து ஓவியர்க்கு மாணவரானார். கற்பதற்காகப் பார்த்து வரைந்து, மூலம் இன்னாருடையது என்று சொல்லிவிட்டால் அதிற் களவு ஏது?

ஆம்ஸ்டர்டாமிலுள்ள ரைக்ஸ் அருங்காட்சியகம் தன் ஓவியங்களின் பெரிய படங்களை இணையத்தில் இலவசமாகவே தருகிறது. கீரிமலையில் இருந்துகொண்டே தூரிகையின் தடத்தைக் காணலாம். ஆயினும் இரண்டைத் தடுத்தேன்: மேலே வைத்துக் கோடிழுத்தலும், நிறம் தொட்டெடுக்கும் கருவியும். நிறம் என்பது அயல் நிறத்தைப் பொறுத்தே தோன்றுவது. நிழற்பக்கக் கன்னத்திற் சிவப்பென்று கண்டதைத் தனியே எடுத்துப் பார்த்தால் மங்கிய கபிலமாக இருக்கும். கருவி விடையைச் சொல்லிவிடும்; கண் கணக்கைச் செய்யாது. ஆகவே முதலிற் கண்ணை அரைவாசி மூடி, சாம்பல் நிறத்தின் மூன்று சாயைகளால், பெரிய தூரிகை கொண்டு ஒளியையும் நிழலையும் மட்டும் இடவேண்டும். வண்ணம் அதன் பின்னரே. வரைந்து முடிந்ததும் மூலத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து மீண்டும் ஒருமுறை! (செய்ததை அழித்து மீளும் பொத்தானை மட்டும் என்னால் தடுக்க முடியவில்லை.)

ஐந்தாம் மாதம் ஒருநாள், "ஒரு கண்ணை இருட்டுக்குள்ளேயே விட்டுவிட்டார், சேர், ஆனாலும் அது பார்க்கிறது" என்றான். அன்றே அம்மப்பாவின் படத்துக்குத் திரும்பலாம் என்று சொன்னேன்.

அட்டைப் படத்தில் ஒளி நேர்முகமாக விழுந்து முகத்தைத் தட்டையாக்கியிருந்தது. அவன் தாயாரிடம் விசாரித்தான். மாலையில் மேற்குத் திண்ணையில் அமர்ந்து வெற்றிலை போடுவாராம். அந்த வெயிலைக் கன்னத்தின் ஒரு பக்கத்தில் இட்டு, மற்றப் பக்கத்தை நிழலில் விட்டு வரைந்தான்.

தாயார் நெடுநேரம் பார்த்திருந்துவிட்டு, "ஐயாவின் மூக்கு இவ்வளவு நேரில்லை, தம்பி" என்றாராம். இப்பொழுது மூக்கைத் திருத்திக்கொண்டிருக்கிறான்.