மாட்டுங்காவிலிருந்து கந்தரோடைக்கு

1987 நவம்பர் 24. யாழ்ப்பாணத்தை அடுத்த உடுவிலில் முகாமிட்டிருந்த 8ஆவது மஹர் பட்டாலியனுக்கு ஒரு தகவல் வந்தது: பக்கத்து கிராமமான கந்தரோடையில் ஒரு வீட்டில் ஆயுதங்கள் வந்து இறங்கியிருக்கின்றன. சரிபார்க்கப் போன சிறு ரோந்துக் குழு துப்பாக்கிச் சூட்டை எதிர்கொண்டது. கூடுதல் ஆட்களுடன் இரவே புறப்பட்டார் மேஜர் ராமசாமி பரமேஸ்வரன். வயது 41. பம்பாயில் பிறந்து படித்த தமிழர். அவர் தேடிச் சென்றவர்களும் தமிழர்கள்தான்.

சோதனையில் எதுவும் சிக்கவில்லை. ஆனால் திரும்பும் வழியில் விடுதலைப் புலிகள் காத்திருந்தார்கள். சூட்டுக்கு நேரே நின்று பதில் சொல்வதைவிட, சுற்றிப் போய் பின்பக்கமாகப் பாய்வது என்று முடிவு செய்தார் பரமேஸ்வரன். இதைப் புலிகள் எதிர்பார்க்கவில்லை. நேருக்கு நேரான மோதலில் ஒருவர் சுட்ட தோட்டா அவர் மார்பில் பாய்ந்தது. அந்த ஆளின் ரைபிளையே பிடுங்கிச் சுட்டு வீழ்த்தினார். பிறகும், மூச்சு இருந்தவரை, உத்தரவுகள் நிற்கவில்லை. ஐந்து புலிகள் இறந்ததாகவும் மூன்று ரைபிள்கள், இரண்டு ராக்கெட் லாஞ்சர்கள் கைப்பற்றப்பட்டதாகவும் அரசின் பாராட்டுரை கூறுகிறது. 1988 குடியரசு தினத்தில் பரம் வீர் சக்ரா அறிவிக்கப்பட்டது. இலங்கை நடவடிக்கைக்காக அந்த விருதைப் பெற்றவர் இவர் ஒருவரே.

பரமேஸ்வரன் 1946 செப்டம்பர் 13 அன்று பிறந்தவர். மாட்டுங்காவில் உள்ள தென்னிந்தியக் கல்விச் சங்கத்தின் பள்ளியில் 1963இல் படிப்பை முடித்து, அதே சங்கத்தின் கல்லூரியில் 1968இல் அறிவியல் பட்டம் பெற்றார். ஃபில்டர் காபியும் பூக்கடைகளும் கோயில் மணியுமாக, மதராஸின் ஒரு தெருவைப் பெயர்த்துக் கொண்டுவந்து வைத்தது போலிருந்த வட்டாரம் அது. பட்டம் பெற்ற மாட்டுங்கா பையனுக்கு வங்கி, ரயில்வே, கோட்டைப் பகுதியின் கம்பெனி அலுவலகங்கள் என்று போட்டுவைத்த பாதை உண்டு. அந்த வேலைகளைக் குறிவைத்துத்தான் 1966இல் சிவசேனா பிறந்தது. 'மதராசிகள்' வெளியேற வேண்டும் என்ற கோஷம் கேட்ட ஆண்டுகளில் பரமேஸ்வரன் கல்லூரி மாணவர்.

அவர் அந்தப் பாதையில் போகவில்லை. 1971இல் சென்னையிலுள்ள அதிகாரிகள் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். 1972 ஜூன் 16 அன்று 15ஆவது மஹர் பட்டாலியனில் அதிகாரியானார். விதியின் வேடிக்கை என்றே சொல்லலாம்: வெளியே போ என்ற நகரத்தின் தமிழருக்குக் கிடைத்தது, மராட்டிய மண்ணின் தலித்துகள் போராடிப் பெற்ற படைப்பிரிவு. 1941இல் அது பெல்காமில் உருவாக வற்புறுத்தியவர்களில் முக்கியமானவர் அம்பேத்கர்; அவர் வாழ்ந்த 'ராஜகிருகம்' இருப்பது மாட்டுங்காவை அடுத்த தாதரில். பிற்காலத்தில் பல சமூகத்தினருக்கும் திறந்துவிடப்பட்ட அந்த ரெஜிமெண்டுக்குக் கிடைத்த ஒரே பரம் வீர் சக்ரா, இந்தத் தமிழரால் வந்தது. ஜவான்களுக்கு அவர் 'பாரி சாஹிப்'.

ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் 1987 ஜூலை 29 அன்று ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். மறுநாளே அமைதிப்படை யாழ்ப்பாணத்தில் இறங்கியது. மாலை போட்டு வரவேற்றார்கள் மக்கள். அக்டோபரில் எல்லாம் தலைகீழானது. புலிகளுக்கு எதிராகப் போர் தொடங்கியது; அக்டோபர் 21 அன்று யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் நோயாளிகளும் டாக்டர்களும் நர்ஸுகளும் அமைதிப்படையின் துப்பாக்கிகளுக்கு இரையானார்கள். தமிழ்நாடு கொதித்தது. கந்தரோடைச் சண்டை நடந்தது அதற்கு ஐந்து வாரங்கள் கழித்துத்தான். தமிழகத்தில் பலரால் அந்த மேஜருக்காக மனம்விட்டு அழக்கூட முடியாமல் போனதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை.

1990 மார்ச்சில் கடைசிப் படைகள் மதராஸ் துறைமுகம் வந்தபோது, வரவேற்க முதல்வர் கருணாநிதி போகவில்லை. தமிழர்களைக் கொன்ற படையை எப்படி வரவேற்பது என்பது அவர் வாதம். வாதத்தில் நியாயம் இருந்தது. ஆனால் சுமார் 1,200 வீரர்களைப் பறிகொடுத்துத் திரும்பிய ஜவானோ எங்கே போகிறோம் என்று முடிவெடுத்தவன் இல்லை. டில்லிக்கும் அந்தப் போரை நினைவுபடுத்திக்கொள்ளப் பெரிய ஆர்வம் இருக்கவில்லை. வென்றோம் என்று சொல்ல முடியாத போர் அது.

பரமேஸ்வரன் பெயர் அங்கங்கே இருக்கிறது. சென்னை ஆற்காடு சாலையில் ராணுவ அதிகாரிகளின் குடியிருப்புக்குப் பரமேஸ்வரன் விகார் என்று பெயர். 2019இல் டில்லியில் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவகத்தில் அவர் சிலை உண்டு. 2023 ஜனவரியில் அந்தமானில் பெயரில்லாத 21 தீவுகளுக்குப் பரம் வீர் சக்ரா பெற்றவர்களின் பெயர்கள் சூட்டப்பட்டன, ஒன்று அவருடையது. அமைதிப்படைக்கென்றே எழுப்பிய பெரிய நினைவுச்சின்னத்தைப் பார்க்க மட்டும் கடல் தாண்ட வேண்டும். கொழும்பை அடுத்த பத்தரமுல்லையில், இலங்கை மண்ணில், இறந்த இந்திய வீரர்களின் பெயர்கள் கருங்கல்லில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. 2015இலும் 2025இலும் பிரதமர் மோடி அங்கே மலர்வளையம் வைத்தார்.