வாடகைக் கணினி

கொள்ளிடத்தின் வடகரையில், அரியலூரிலிருந்து தஞ்சைக்குச் செல்லும் சாலையில் அமைந்துள்ள ஊர் திருமானூர். அங்கு வணிகர் ஒருவர் பழைய கணினியில் கணக்கு எழுதி வருகிறார் எனக் கொள்வோம். அதிலுள்ள விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளுடன் முடிவுற்றது. அடுத்த பதிப்பைத் தாங்கும் ஆற்றல் அக்கணினிக்கு இல்லை. ஆயினும், அதன் திரையிலேயே அவர் புதிய விண்டோஸைக் காண இயலும். அஃது எங்ஙனம்?

இயங்குதளம் நம் மேசைமேலுள்ள கணினியில்தான் இயங்கவேண்டும் என்பதில்லை. பேராற்றல் வாய்ந்த கணினிகளைத் தரவு மையங்களில் நிறுவியுள்ளனர். மைக்ரோசாப்ட் நிறுவனம் 2015ஆம் ஆண்டில் சென்னை, மும்பை, புனே ஆகிய இடங்களில் இத்தகைய மையங்களைத் திறந்தது. அங்குள்ள ஒரு கணினியின் நினைவகத்தையும் ஆற்றலையும் மென்பொருளால் பல கூறுகளாகப் பகுப்பர். ஒவ்வொரு கூறும் தனிக் கணினி போலவே இயங்கும். இதனை மெய்நிகர் சேவையகம் என்பர். இதனை இணையவழி வாடகைக்குத் தருவது மேகக் கணிமையின் ஒரு வகை. வணிகர் தட்டும் எழுத்துகள் அங்குச் செல்லும். அங்குத் தோன்றும் காட்சி இங்கு வரும்.

எனினும், சேவையகத்தை வாடகைக்குப் பெற்றவர் எவ்வியங்குதளத்தையும் அதில் நிறுவிவிட இயலாது. நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவர், பக்கத்துக் கிணற்று நீருக்கு அதன் உரியவரிடம் தனியே இசைவு பெறவேண்டுமன்றோ? அதுபோலத் தனியுரிமை இயங்குதளத்திற்கும் தனி இசைவு வேண்டும். அதுவே உரிமம். பழைய கணினியுடன் வந்த விண்டோஸ் உரிமம் அக்கணினிக்கே உரியது, மேகத்திற்குச் செல்லாது. 2021இல் தொடங்கிய 'விண்டோஸ் 365' சேவையில் உரிமம் பெற்றோர் மாதந்தோறும் கட்டணம் செலுத்துகின்றனர்.

ஆப்பிள் நிறுவனத்தின் விதி இன்னும் கடியது. அதன் மேக்ஓஎஸ், ஆப்பிள் கணினியில் மட்டுமே இயங்க இசைவு பெற்றது. வாடகைக் காலமும் 24 மணி நேரத்திற்குக் குறையலாகாது. ஆகவே, 2020இல் இச்சேவையைத் தொடங்கிய அமேசான் நிறுவனம், மேக் மினி கணினிகளையே தன் மையங்களில் நிறுவியது. ஒரு மணி நேரமே பயன்படுத்தினாலும் ஒரு நாள் வாடகை தரவேண்டும்.

இத்தளைகளை விரும்பாதோர்க்குக் கட்டற்ற மென்பொருள் உண்டு. சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ் அத்தகையது. விண்டோஸுக்கென எழுதப்பட்ட கணக்கு மென்பொருள் அதில் அப்படியே இயங்கும் எனக் கருதலாகாது.

வாடகை நின்றால் வீட்டுக் கதவு அடைபடும். உள்ளே வைத்த கணக்கேடும் கைக்கு எட்டாது போகும். ஆதலின், மேகத்தில் கணக்கு எழுதுவோர் அதன் படியொன்றைத் தம்மிடமும் வைத்துக்கொள்ளுதல் அறிவுடைமையாகும்.