டயர் அளவு மாறினா மீட்டர் பொய் சொல்லும்! மாதம் 120 கி.மீ. கணக்கில் காணாமல் போகும்: டிரைவர்களே உஷார்

ஸ்ரீபெரும்புதூர்:-

காரில் கம்பெனி கொடுத்த டயரை கழற்றிவிட்டு கொஞ்சம் பெரிய டயர் போட்டால், ஸ்பீடோ மீட்டர் காட்டும் வேகமும் தப்பு, ஓடிய கிலோ மீட்டர் கணக்கும் தப்பு. முள் 80-ல் நிற்கும்போது கார் 83 கி.மீ. வேகத்தில் பறந்துகொண்டிருக்கும். கிலோ மீட்டருக்கு இவ்வளவு என்று வாடகை வாங்கும் டிரைவருக்கு மாதக் கடைசியில் கையில் காசும் குறையும்.

ஸ்ரீபெரும்புதூர்- ஒரகடம் பகுதியில் இது சின்ன விஷயம் இல்லை. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ- நிசான் ஆலை வந்தது. அப்பல்லோ, ஜே.கே., சியட் என்று டயர் கம்பெனிகளின் ஆலைகளும் இந்த வட்டாரத்திலேயே இருக்கின்றன. இந்த ஆலைகளுக்கு ஷிப்டுக்கு ஷிப்ட் ஆட்களை ஏற்றி இறக்கும் கார்களும், வேன்களும் இரவு பகலாக ஓடுகின்றன. அதோடு, வேலை செய்து சேர்த்த காசில் செகண்ட் ஹேண்ட் கார் வாங்கி, முதல் வேலையாக அலாய் வீல் மாட்டும் இளைஞர்களும் அதிகம்.

"இன்னும் ஒரு சைஸ் பெருசா போடுங்க, வண்டி கெத்தா இருக்கும், ஒண்ணும் ஆகாது" என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்ட வேண்டாம். என்ன ஆகும் என்பதன் விவரம் வருமாறு:-

மீட்டர் வேகத்தை அளப்பதில்லை

பலருக்கும் தெரியாத விஷயம் இது. ஸ்பீடோ மீட்டர் உண்மையில் சாலையை பார்ப்பதே இல்லை. சக்கரம் எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதை மட்டும்தான் எண்ணுகிறது. ஒரு சுற்றுக்கு இவ்வளவு தூரம் என்று கம்பெனியில் ஏற்கனவே ஒரு கணக்கு வைத்திருப்பார்கள். அந்த கணக்கில் பெருக்கி, வேகத்தையும் தூரத்தையும் காட்டும்.

அந்தக் கால அம்பாசிடர், பியட் கார்களில் கியர் பாக்சில் இருந்து ஒரு கேபிள் வரும். அது சுற்றும்போது மீட்டருக்குள் ஒரு காந்தமும் சேர்ந்து சுற்றி முள்ளை இழுக்கும். பிறகு வந்த கார்களில் கேபிளுக்கு பதில் சென்சார். கார்களில் ஏ.பி.எஸ். பிரேக் 2019 ஏப்ரல் முதல் கட்டாயம் ஆகிவிட்டது. அதனால் பல கார்களில் சக்கரத்துக்கு பக்கத்தில் இருக்கும் ஏ.பி.எஸ். சென்சாரே மீட்டருக்கும் தகவல் கொடுக்கிறது. கேபிளோ, சென்சாரோ எதுவாக இருந்தாலும் எண்ணுவது சுற்றைத்தான்.

டயரை மாற்றியது மீட்டருக்கு தெரியாது. யாரும் அதனிடம் சொல்லப்போவதும் இல்லை. பழைய கணக்கிலேயே பெருக்கிக்கொண்டு இருக்கும்.

டயரில் எழுதியிருப்பது என்ன?

டயரின் பக்கவாட்டில் 155/70 ஆர் 13 என்பது போல எழுதியிருக்கும். இதில் 155 என்பது டயரின் அகலம், மில்லி மீட்டரில். 70 என்பது ரிம்முக்கு மேலே நிற்கும் ரப்பரின் உயரம். அகலத்தில் 70 சதவீதம் என்று அர்த்தம், அதாவது 108.5 மி.மீ. கடைசியில் உள்ள 13 என்பது ரிம்மின் அளவு, இஞ்ச் கணக்கில். 'ஆர்' என்றால் ரேடியல் டயர்.

முழு டயரின் உயரத்தை கணக்கிட, ரிம் அளவை 25.4-ஆல் பெருக்கி, அதோடு ரப்பர் உயரத்தை இரண்டு மடங்காக கூட்ட வேண்டும். 155/70 ஆர் 13 டயருக்கு 330.2 + 217 = 547.2 மி.மீ. வரும்.

ஒரு கணக்கு போட்டு பார்ப்போம்

இருங்காட்டுக்கோட்டையில் தயாரான சாண்ட்ரோ ஜிங் காருக்கு இந்த 155/70 ஆர் 13 டயர்தான். அதை கழற்றிவிட்டு 14 இஞ்ச் அலாய் வீலில் 165/65 ஆர் 14 டயர் போடுவதாக வைத்துக்கொள்வோம். அந்த டயரின் உயரம் 570.1 மி.மீ. வித்தியாசம் 23 மி.மீ. கூட இல்லை. கண்ணுக்கே தெரியாது.

ஆனால் பழைய டயர் ஒரு கிலோ மீட்டர் போக சுமார் 582 சுற்று சுற்ற வேண்டும். புது டயருக்கு சுமார் 558 சுற்றே போதும். மீட்டரோ 582 சுற்று முடிந்தால்தான் ஒரு கிலோ மீட்டர் என்று எண்ணும். அதற்குள் கார் 1 கி.மீ. 42 மீட்டர் ஓடியிருக்கும். இந்த 42 மீட்டர்தான் எல்லா தகராறுக்கும் காரணம்.

பழைய டயரில் மீட்டர் சரியாக காட்டிக்கொண்டிருந்தது என்றால், புது டயர் போட்ட பிறகு:

மீட்டரில் 40 - உண்மையில் 41.7
மீட்டரில் 60 - உண்மையில் 62.5
மீட்டரில் 80 - உண்மையில் 83.3
மீட்டரில் 100 - உண்மையில் 104.2

ஜீப் வகை வண்டிகளில் இது இன்னும் அதிகம். பொலிரோவுக்கு வரும் 215/75 ஆர் 15 டயருக்கு பதிலாக 31 இஞ்ச் உயர டயர் மாட்டினால் வித்தியாசம் 12 சதவீதம். மீட்டர் 80 காட்டும்போது வண்டி 89-ஐ தாண்டியிருக்கும்.

வேகம் 12 சதவீதம் கூடினால் பிரேக் பிடித்து நிற்கும் தூரமும் 12 சதவீதம்தான் கூடும் என்று நினைக்க கூடாது. அது சுமார் 25 சதவீதம் கூடும். ஒரகடம் கூட்டு ரோட்டில் முன்னால் போகும் கன்டெய்னர் லாரி திடீரென நிற்கும்போதுதான் இதன் அருமை தெரியும்.

கம்பெனியே கூட்டித்தான் காட்டும்

"என் காரில் மீட்டர் எப்பவுமே ஜி.பி.எஸ்.சை விட கூடத்தானே காட்டுது" என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். ஐ.நா. சபையின் வாகன விதி எண் 39-ன்படி, ஸ்பீடோ மீட்டர் உண்மையான வேகத்தை விட குறைவாக காட்டவே கூடாது. கூடுதலாக காட்டலாம். அதுவும் உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கும், அதற்கு மேல் 4 கி.மீ.யும் வரைதான். உண்மை வேகம் 80 என்றால் மீட்டர் 92 வரை காட்டலாம். ஆனால் 79 காட்டக்கூடாது.

அதனால் கார் கம்பெனிகள் வேண்டுமென்றே முள்ளை கொஞ்சம் தூக்கி வைக்கின்றன. டயர் தேய்மானம், காற்று என எது மாறினாலும் மீட்டர் குறைத்து காட்டிவிட கூடாது என்பதற்கான பாதுகாப்பு அது. பெரிய டயர் போடும்போது அந்த பாதுகாப்பைத்தான் நாம் தின்றுவிடுகிறோம். உங்கள் காரில் எவ்வளவு கூட்டி வைத்திருக்கிறார்கள் என்பது சோதித்து பார்த்தால்தான் தெரியும்.

முக்கியமான விஷயம், முள்ளைத்தான் இப்படி தூக்கி வைப்பார்கள். கிலோ மீட்டர் எண்ணும் மீட்டர் பொதுவாக உண்மைக்கு பக்கத்திலேயே இருக்கும். ஆகவே டயர் அளவு மாறினால் அந்த தவறு முழுசாக கிலோ மீட்டர் கணக்கில் விழும்.

டிரைவர் பாக்கெட்டில் ஓட்டை

டிரிப் ஷீட்டில் மீட்டரை பார்த்து எழுதி வாடகை வாங்குபவர்களுக்கு அடி இங்கேதான். மேலே சொன்ன 14 இஞ்ச் டயரோடு ஒரு கார் மாதம் உண்மையில் 3 ஆயிரம் கி.மீ. ஓடினால், மீட்டர் 2,880 கி.மீ. என்றுதான் காட்டும். 120 கி.மீ. அம்போ. கி.மீ.க்கு 12 ரூபாய் என்று வைத்தால்கூட மாதம் ரூ.1,440 நஷ்டம். வருஷத்துக்கு ரூ.17 ஆயிரத்தை தாண்டும். அழகுக்கு மாட்டிய அலாய் வீல், வண்டியின் ஒரு செட் டயர் காசையே சாப்பிட்டுவிடும்.

சின்ன டயர் போட்டால் கதை தலைகீழ். 185/65 ஆர் 15 வர வேண்டிய காரில் 175/65 ஆர் 15 போட்டால், 3 ஆயிரம் கி.மீ. ஓடியதற்கு மீட்டர் 3,064 காட்டும். ஓடாத 64 கி.மீ.க்கு வண்டியை எடுத்த கம்பெனி பணம் கொடுக்கும். ஜி.பி.எஸ். கணக்கோடு ஒப்பிட்டு பார்த்தால் மாட்டிக்கொள்வது டிரைவர்தான். டயர் வாங்கியது முதலாளி என்றாலும் கேள்வி டிரைவரிடம்தான் வரும்.

மைலேஜ் கணக்கும் குழம்பும். பெரிய டயர் போட்ட கார் 30 லிட்டரில் 540 கி.மீ. ஓடி 18 மைலேஜ் கொடுத்திருக்கும். மீட்டர் 518 கி.மீ. என்று காட்டுவதால் 17.3 என்று தோன்றும். டிரைவர் மீது டீசல் திருட்டு சந்தேகம் வருவதற்கு இது போதும்.

அபராதம் யாருக்கு?

போலீசாரின் ஸ்பீடு கன் வண்டியின் உண்மையான வேகத்தை அளக்கிறது. அது நம்ம மீட்டரை பார்ப்பதில்லை. "மீட்டர்ல 60தான் சார் காட்டுச்சு" என்று சொல்லி தப்ப முடியாது. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகன சட்டத்தின் 183-வது பிரிவில், அதிக வேகத்துக்கு கார் போன்ற இலகு ரக வாகனத்துக்கு ரூ.1,000 முதல் ரூ.2,000 வரையும், நடுத்தர, கனரக வாகனத்துக்கு ரூ.2,000 முதல் ரூ.4,000 வரையும் அபராதம் இருக்கிறது.

வேகக்கட்டுப்பாட்டு கருவி பொருத்திய வேன், பஸ்களிலும் இதே சிக்கல்தான். கருவி 80-ல் செட் செய்யப்பட்டிருந்தாலும், அதற்கும் தகவல் போவது சக்கர சுற்றில் இருந்துதான். பெரிய டயர் இருந்தால் 80 என்று நினைத்து 83-ல் விட்டுவிடும்.

வாகனத்தை கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு கூறியது. அனுமதி இல்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ரூ.5 ஆயிரம் அபராதம் அல்லது 6 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும் விதிக்க சட்டத்தில் இடம் இருக்கிறது.

ரிம் பெருசானா டயர் பெருசு இல்லை

அப்படியானால் அலாய் வீலே போடக்கூடாதா? போடலாம். மொத்த உயரம் மாறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மாருதி ஸ்விப்ட் காரையே பாருங்கள். குறைந்த விலை மாடலில் 165/80 ஆர் 14, விலை அதிகமான மாடலில் 185/65 ஆர் 15 டயர் வந்தது. முதலாவதின் உயரம் 619.6 மி.மீ., இரண்டாவது 621.5 மி.மீ. ரிம் ஒரு இஞ்ச் கூடினாலும், ரப்பர் உயரம் குறைந்ததால் வித்தியாசம் வெறும் 0.3 சதவீதம். மீட்டருக்கு ஒன்றும் ஆகாது.

ஆகவே உங்கள் காரின் மேல் மாடலுக்கு கம்பெனியே கொடுத்த அளவை தேர்வு செய்வதுதான் பாதுகாப்பு. சரியான அளவும், காற்று அழுத்தமும் டிரைவர் பக்க கதவு ஓரத்தில் ஒட்டியுள்ள ஸ்டிக்கரில் இருக்கும். டயர் தாங்கும் எடையும் கம்பெனி சொன்னதை விட குறையக்கூடாது. நான்கு சக்கரத்துக்கும் ஒரே அளவு வர வேண்டிய காரில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று போட்டால் ஏ.பி.எஸ். குழம்பி, மீட்டரில் எச்சரிக்கை விளக்கு எரியலாம். ஸ்டெப்னியையும் மறக்க வேண்டாம்.

டியூப் டயரில் இருந்து டியூப்லெஸ்சுக்கு மாறினால் மீட்டர் மாறுமா? அளவு ஒன்றாக இருந்தால் மாறாது. பட்டன் தேய்ந்தால்? மாறும். புது டயரில் பட்டன் ஆழம் சுமார் 8 மி.மீ. அது சட்டப்படி கடைசி எல்லையான 1.6 மி.மீ.க்கு தேயும்போது சின்ன காரில் மீட்டர் 2 சதவீதத்துக்கு மேல் கூட்டி காட்டும்.

பைக் ஓட்டுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. கேபிள் மீட்டர் உள்ள பெரும்பாலான பைக்குகளில் கேபிள் முன் சக்கரத்தில் இருந்துதான் வரும். அந்த பைக்குகளில் பின் டயரை பெரிதாக்கினால் மீட்டர் மாறாது. முன் டயரை மாற்றினால் மாறும்.

நீங்களே சோதிக்கலாம்

இதற்கு ஒரு ரூபாய் செலவு இல்லை. சென்னை- பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில் கிலோ மீட்டர் கல் இருக்கிறது. ஒரு கல்லை தாண்டும்போது டிரிப் மீட்டரை பூஜ்ஜியத்துக்கு கொண்டு வாருங்கள். பத்தாவது கிலோ மீட்டர் கல்லை தாண்டும்போது 10.0 காட்டினால் கணக்கு சரி. 9.6 காட்டினால் டயர் 4 சதவீதம் பெரிது. 10.2 காட்டினால் டயர் சிறிது அல்லது தேய்ந்துவிட்டது.

வேகத்தை சோதிக்க செல்போனில் ஜி.பி.எஸ். வேகம் காட்டும் வசதி போதும். நேரான சாலையில் முள்ளை 60-ல் நிறுத்தி ஓட்ட வேண்டும். போனை பக்கத்து சீட்டில் இருப்பவர்தான் பார்க்க வேண்டும், டிரைவர் பார்க்கக்கூடாது. போனில் 60-க்கு மேல் காட்டினால் உங்கள் மீட்டர் குறைத்து சொல்கிறது என்று அர்த்தம். உடனே டயர் அளவை சரிபார்க்க வேண்டும்.

சில கார்களில் சர்வீஸ் சென்டரில் கம்ப்யூட்டர் மூலம் டயர் அளவை மாற்றி பதிவு செய்ய முடியும். பல கார்களில் அந்த வசதி இல்லை. அப்படிப்பட்ட காருக்கு சரியான அளவு டயரை திரும்ப மாட்டுவது ஒன்றுதான் வழி.

செகண்ட் ஹேண்ட் கார் வாங்குபவர்கள் மீட்டரில் ஓடிய கிலோ மீட்டரை பார்ப்பதற்கு முன், கதவு ஸ்டிக்கரில் உள்ள அளவும் டயரில் உள்ள அளவும் ஒன்றுதானா என்று பார்ப்பது நல்லது. புது டயர் வாங்கும்போது பில்லில் அளவை எழுதி வாங்கி வைத்துக்கொண்டால், பின்னால் கிலோ மீட்டர் கணக்கில் தகராறு வந்தாலும் டிரைவர் கையில் ஆதாரம் இருக்கும்.